மின்சாரக் கிரில் அடுப்பு: வாங்குமுன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

தோட்டப்புறக் குடும்பங்களின் சமையலறையில் சென்ற சில தலைமுறைகளில் ஏற்பட்டுள்ள மாற்றம் சிறிதன்று. ஒரு காலத்தில் வெட்டி வீழ்த்தப்பட்ட ரப்பர் மரத்தின் விறகே அடுப்பை எரித்தது. பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அதன் பின்னர் எரிவாயு அடுப்பும், மின்சாரச் சோற்றுப் பானையும் வந்தன. இப்பொழுது அந்த வரிசையில் மின்சாரக் கிரில் அடுப்பும் சேர்ந்திருக்கிறது. பட்டணத்துக் கடைகளில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டுள்ள இக்கருவியைப் பார்க்கும் இல்லத்தரசியர் பலருக்கு, நமக்கும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் எழுவது இயற்கையே. அந்த எண்ணம் நல்லதா, அன்றா என்பதை இருபுறமும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரில் அடுப்பு என்பது என்ன?

தணலின்மேல் கம்பி வலையை வைத்து மீன் சுடுவது நாம் நன்கு அறிந்த முறை. அதே வேலையைக் கரியின்றி, மின்சாரத்தால் செய்வதே மின்சாரக் கிரில். இதில் இரு வகைகள் பெரும்பாலும் விற்கப்படுகின்றன. முதல் வகை திறந்த வகை. இதில் சூடேறும் மின்கம்பி கீழேயும், உணவை வைக்கும் கம்பித் தட்டு மேலேயும் இருக்கும். உணவிலிருந்து ஒழுகும் கொழுப்பைத் தாங்க அடியில் ஒரு தட்டு இருக்கும். இரண்டாவது மூடும் வகை. புத்தகத்தை மூடுவதுபோல் இரண்டு சூடான தகடுகள் உணவை நடுவில் வைத்து மூடிக்கொள்ளும். இருபுறமும் ஒரே நேரத்தில் வேகுவதால் இவ்வகையில் சமையல் விரைவில் முடியும்.

நன்மைகள் யாவை?

முதல் நன்மை, விறகுப் புகையும் கரிப்புகையும் இல்லாமையே. தட்டு ரப்பரைப் பதப்படுத்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குப் புகை கண்ணையும் நெஞ்சையும் என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சேரும் மாசு காரணமாக 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பின் அருகிலேயே நெடுநேரம் இருக்கும் தாய்மார்களையும், அவர்களின் இடுப்பில் இருக்கும் குழந்தைகளையுமே இம்மாசு பெரிதும் தாக்குகிறது. மேலும், மழை நாளில் சன்னலை அடைத்துக்கொண்டு கரியடுப்பு மூட்டினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறையில் நிறைந்து உயிரையே போக்கிவிடும். மின்சாரக் கிரிலில் கரியோ விறகோ எரிவதில்லையாதலால் அந்த ஆபத்து இல்லை.

இரண்டாவது நன்மை, நேரமும் உழைப்பும் மிச்சமாவது. விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் எடுத்து, நண்பகலில் களைத்து வீடு திரும்பும் பெண்ணுக்குத் தீ மூட்டி ஊதிக்கொண்டிருக்கும் வேலை இல்லையென்றால் அதுவே பெரிய உதவி. சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு திருகி இருப்பதால், தணல் தணிந்துவிட்டதே என்ற கவலையும் இல்லை.

மூன்றாவது நன்மை, எண்ணெய்ச் செலவு குறைவது. கெம்போங் மீனைப் பொரிப்பதற்கு வேண்டிய எண்ணெயில் சிறு பங்கைத் தடவினாலே கிரிலில் சுட்டுவிடலாம். கோழித் தோலில் உள்ள கொழுப்பும் ஓரளவு உருகி ஒழுகிவிடும். ஆயினும், கிரிலில் சுட்டதனாலேயே எல்லாம் உடலுக்கு நல்லதாகிவிடும் என்று கருதலாகாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் உப்பையும் இனிப்பான மசாலைக் குழம்புகளையும் குறைத்துக்கொண்டால்தான் பயன் உண்டு.

குறைகள் யாவை?

கிரிலில் சோறு வடிக்க இயலாது. குழம்பு கொதிக்க வைக்க இயலாது. ஆகவே அது நம் அடுப்புக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. சிறிய கருவியில் ஒரே நேரத்தில் நான்கைந்து மீன் துண்டுகளே அடங்கும். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பத்திற்கு இரண்டு மூன்று முறை சுட நேரிடும். மின்சாரம் தடைப்பட்டால் வேலையும் நின்றுவிடும்.

அடுத்து, உணவு ஒட்டாமலிருக்கத் தகட்டின்மேல் பூசப்பட்டுள்ள பூச்சு மென்மையானது. இரும்புக் கரண்டியும் கம்பித் தேய்ப்பானும் அதனைக் கீறிவிடும். மரக்கரண்டியையே பயன்படுத்த வேண்டும். வெறுந்தகட்டை நெடுநேரம் சூடேற்றுவதும் தவறு. டெஃப்லான் வகைப் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்கும். அளவு மீறிச் சூடாகும்போது எழும் ஆவி கூண்டுப் பறவைகளைக் கொல்லக்கூடியது. வீட்டில் மெர்பூக் பறவை வளர்ப்போர் கூண்டைச் சமையலறைக்கு அப்பால் வைப்பதே முறை.

இறைச்சியை அளவுக்கு மீறிக் கருக விடுவதும் நன்றன்று. மிகுந்த சூட்டில் இறைச்சி கருகும்போது, விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் புற்றுநோயை உண்டாக்கிய சில பொருள்கள் உருவாகின்றன. கருகிய பகுதியை நீக்கிவிட்டு உண்ண வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எலும்புடன் கூடிய கோழித் துண்டு வெளியே சிவந்து காணப்படும். உள்ளே பச்சையாக இருக்கும். கோழியிறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை அடைந்தால்தான் நோய்க் கிருமிகள் அழியும். ஆகவே துண்டுகளை மெல்லியனவாக வெட்டிக்கொள்ள வேண்டும். எலும்பை ஒட்டிய பகுதியைக் கீறிப் பார்த்து, நன்கு வெந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே பரிமாற வேண்டும்.

செலவுக் கணக்கு

மின்சாரத்தை நாம் அலகுக் கணக்கில் வாங்குகிறோம். 1,000 வாட் ஆற்றலுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் வேலை செய்தால் ஓர் அலகு செலவாகும். 2,000 வாட் கிரில் அரை மணி நேரம் முழுச்சூட்டில் இருந்தாலும் அதே ஓர் அலகுதான். நாள்தோறும் அரை மணி நேரம் பயன்படுத்தினால் மாதத்திற்கு 30 அலகுகள் ஆகும். கணக்குக்காக ஓர் அலகின் விலை 25 காசு என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவு 7 வெள்ளி 50 காசு. தீபகற்ப மலேசியாவில் 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதம் மின்கட்டண முறை மாற்றப்பட்டதால், உங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டில் உள்ள விலையைக் கொண்டு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுப் பயன்பாட்டுக்கான சமையல் எரிவாயுவுக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்கி வருவதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2024 ஆம் ஆண்டில் 14 கிலோ எரிவாயுக் கலனின் விலை 26 வெள்ளி 60 காசாக இருந்தது. ஆகவே, கிரில் வாங்கினால் சமையற் செலவு பாதியாகிவிடும் என்று விற்பனையாளர் கூறினால், அதனை அப்படியே நம்பிவிட வேண்டாம். கிரிலின் பயன் வசதியில் இருக்கிறது. பணம் மிச்சமாவதில் இல்லை. தவணை முறையில் வாங்குவோர் மொத்த விலையைக் கூட்டிப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

உங்கள் வீடு தாங்குமா?

இதுவே எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. முன்னாளில் பல தோட்டங்களில் மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடும். தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் முதலாளிமார் வழங்க வேண்டும் என்பதை 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் வலியுறுத்துகிறது. ஆயினும், பழைய வரிசை வீடுகள் சிலவற்றில் உள்ள மின்கம்பிகள், விளக்குக்கும் வானொலிக்கும் என்று அந்தக் காலத்தில் போடப்பட்டவை. 2,000 வாட் கிரில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனைத் தாங்காத கம்பி சுவருக்குள்ளேயே சூடேறும், அதன் உறை உருகும், தீப்பொறி எழும். வரிசை வீடுகளுக்குப் பொதுவான கூரையும் பலகைச் சுவரும் இருக்குமானால், ஒரு சமையலறையில் பற்றிய தீ ஒரு வீட்டோடு நின்றுவிடாது. நம் கவனக்குறைவுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விலை கொடுக்கும்படி ஆகிவிடலாகாது.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். மின்செருகுவாய் ஆடுகிறதா? அதன் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா? சோற்றுப் பானையைப் பயன்படுத்தும்போது பிளக் கைக்குச் சூடாகத் தெரிகிறதா? விளக்கு மங்குகிறதா? இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் கிரில் வாங்குவதை ஒத்திவைத்து, தோட்ட அலுவலகத்தில் முறையாகத் தெரிவியுங்கள். தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளரே கம்பியைச் சோதிக்கவும் மாற்றவும் வேண்டும். கைப்பழக்கம் உள்ள நண்பரை அழைத்துச் சுவரைத் திறப்பது பேராபத்து.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. சிரிம், எரிசக்தி ஆணையம் ஆகியவற்றின் முத்திரை ஒட்டப்பட்ட கருவியையே வாங்க வேண்டும். இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பொருள் பழுதாயிருந்து கடைக்காரர் தட்டிக் கழித்தால், 5 வெள்ளி கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம்.

2. கிரிலைச் சுவரிலுள்ள செருகுவாயில் நேரடியாகச் செருக வேண்டும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் கிரிலையும் கொதிகெண்டியையும் சேர்த்துச் செருகலாகாது. 13 ஆம்பியர் நீட்டிப்புக் கம்பி ஏறத்தாழ 3,000 வாட் வரைதான் தாங்கும். கிரிலும் கெண்டியும் 2,000 வாட் வீதம் சேர்ந்தால் 4,000 வாட் ஆகிவிடும்.

3. பிளக்கிலுள்ள பியூஸ் எரிந்துவிட்டால் அதே அளவுள்ள புதிய பியூஸையே போட வேண்டும். கம்பித் துண்டையோ வெள்ளித் தாளையோ சுற்றி வைப்பது, காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

4. ஈரக்கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் கருவியைத் தொடக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உங்கள் வீட்டு மின்பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதத்திற்கு ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் அது நன்றாக இயங்குகிறது என்று பொருள்.

5. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிவிட வேண்டும். நன்கு ஆறிய பிறகே துடைக்க வேண்டும். மின்பகுதியை நீரில் அமிழ்த்தக் கூடாது. ஒழுகிய கொழுப்பை அன்றன்றே அகற்ற வேண்டும். தேங்கிய கொழுப்பே தீக்கு உணவாகும்.

6. தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முதலில் சுவர்ச் சுவிட்சை அல்லது முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும். அருகில் நெருங்க முடியுமானால் மூடியால் மூட வேண்டும். இல்லையெனில் அனைவரையும் வெளியேற்றிவிட்டு 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பர் பெரியோர். மின்சாரக் கிரில் தீய பொருளன்று. புகையிலிருந்து நம் தாய்மார்களைக் காக்கும் நல்ல துணை அது. ஆனால் அந்தத் துணையை வீட்டுக்குள் அழைக்குமுன், வீடு அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். மின்கம்பி உறுதியாயிருந்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். உறுதியற்றதாயின் முதற்செலவு கம்பிக்கு. கிரில் அதன் பின்னரே. அண்டை வீட்டாரோடும் இதனைக் கலந்து பேசி, வரிசை முழுவதையும் ஒருசேரச் சோதிக்குமாறு தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது இன்னும் சிறந்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்வோருக்குப் பாதுகாப்பும் பொதுவானதே.