வழக்கில் அடங்கிய படச்சுருள்

சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா', மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினம். திருவிதாங்கூர் அரியணைப் பூசலைக் கூறுவது. பலரும் விரும்பிப் படித்த அக்கதையை நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் ஊமைப்படமாக்கினார்; இயக்கியவர் பி. வி. ராவ். 1933இல் திருவனந்தபுரத்தில் அது திரையேறியதும், புதினத்தின் உரிமை தம்முடையதென்று கமலாலயா பதிப்பகத்தார் வழக்காடி வென்றனர். பறிமுதலான சுருள் அவர்களிடமே நெடுங்காலம் கிடந்தது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது.

வழக்குதான் படத்தைக் காத்தது என்பர். வேதியியல் அறிந்தோர் அதில் பாதியையே ஏற்பர்.

அக்காலச் சுருளின் உடல் நைட்ரேட்டு எனப்படும் நைட்ரோசெல்லுலோசு. பருத்தி இழையை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் தோய்த்து, கற்பூரம் கூட்டி நெகிழ்வித்து, மெல்லிய தகடாக வார்ப்பர். தகட்டின்மேல் ஊன்பசை; பசைக்குள் வெள்ளித் துகள்கள். திரையில் நாம் காணும் நிழல் அத்துகள்களின் நிழலே. நைட்ரசன் ஏற்றம் இன்னும் மிகுந்தால் இதே பொருள் வெடிபஞ்சாகிவிடும். எரிவதற்கான உயிர்வளியைத் தன் மூலக்கூற்றிலேயே சுமப்பதால், பற்றிய சுருள் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது.

எரியாதபோதும் அது ஓய்ந்திருப்பதில்லை. நைட்ரசன் ஈராக்சைடு மெல்லக் கசியும். ஈரத்தோடு கூடி அமிலமாகும். அவ்வமிலம் வெள்ளியை அரித்து உருவை மங்கச் செய்யும், ஊன்பசையை இளக்கும், சிதைவை மேலும் தூண்டும். தன் விளைவே தனக்கு ஊக்கியாகும் வினை இது. சுருள் பிசுபிசுத்து, நுரைத்து, கட்டியாகி, இறுதியில் பழுப்புத் தூளாகும். சிதைவு முற்றியது 40 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே தானாகப் பற்றக்கூடும்.

ஆகவே பூட்டிய பேழை சுருளுக்கு நண்பனன்று. வளி உள்ளேயே தேங்கினால் சிதைவு விரையும். நீதிமன்றம் காத்தது வேறு பகைகளிடமிருந்து. படங்காட்டியின் பற்சக்கரம் ஒவ்வோர் ஓட்டத்திலும் துளையோரங்களைத் தேய்க்கும். ஓடிமுடிந்த படிகளை வெள்ளி பிரித்தெடுக்க வாங்குவோரும் அன்று உலகெங்கும் இருந்தனர். சுந்தர்ராஜின் உறவினர் ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதற்படம். அதன் சுருளில் ஓரடியும் எஞ்சவில்லை. வீட்டுச் சிறுவன் விளையாட்டாகக் கொளுத்தினான் என்பார்கள். நைட்ரேட்டு எரியும் விரைவை அறிந்தோர் அதை எளிதில் நம்புவர்.

குளிரும் வறட்சியும் வினையைத் தளர்த்துமேயன்றி நிறுத்தா. ஆதலால் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டுச் சுருளுக்குப் படியெடுத்தனர். 2003இல் புனேயில் நைட்ரேட்டுக் கிடங்கு எரிந்தபோது, முன்னரே படியெடுத்தவை பிழைத்தன. அசிட்டேட்டும் அழியாததன்று, அது கெடத் தொடங்கினால் பேழையைத் திறந்ததும் காடி நெடி வீசும்.