புளி தூக்கிய சாம்பார்: உடம்பைப் பற்றிய மதிப்பு எப்படி இயங்குகிறது?

இலையில் சாம்பார் விழுந்ததும் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று யாரும் விசாரிப்பதில்லை. நன்றாக இருக்கிறது, சரியில்லை, அவ்வளவுதான். நம் உடம்பைப் பற்றி நமக்கிருக்கும் நினைப்பும் அப்படித்தான் ஒரே ருசியாக வந்து சேர்கிறது. ‘என்னமோ எனக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்பவரிடம் எது பிடிக்கவில்லை என்று கேட்டால் பதில் வருவதற்கு நேரமாகும்.

கென்னத் ஃபாக்ஸ், சார்லஸ் கார்பின் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-ல் இந்தப் பாத்திரத்தைக் கிளறிப் பார்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து அவர்கள் உருவாக்கிய வினாத்தாளில் 30 கேள்விகள். ஒவ்வொன்றிலும் ‘சிலர் இப்படி, வேறு சிலர் அப்படி’ என்று இரண்டு பக்கம் இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் சொல்ல வேண்டும்; பிறகு அது ஓரளவு பொருந்துகிறதா, முழுக்கப் பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்திலும் ‘சிலர்’ இருப்பதால் தாழ்வான பதிலைச் சொல்லவும் அவ்வளவாகக் கூச்சம் வராது. நல்ல தந்திரம்.

கிளறியதில் நாலு சரக்கு தென்பட்டது: விளையாட்டுத் திறமை, உடல் வலு, ஓடியாடும் தெம்பு, தோற்றம். இவை சேர்ந்து கொதித்து வருவதுதான் உடம்பைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பு. அதற்கு மேலே முழுச் சாப்பாடு இருக்கிறது. படிப்பு, வேலை, நட்பு, குடும்பம் எல்லாம் அதில் தனித்தனிப் பதார்த்தங்கள். சாம்பார் ஒன்று மட்டும்தான். ஆனால் சாம்பார் கெட்டால் சாப்பாடே கெட்டதாகச் சொல்லும் ஊர் நம்முடையது.

நாலில் தோற்றம்தான் புளி. ஃபாக்ஸின் அளவீட்டிலும் உடம்பைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்போடு மிக நெருக்கமாக ஒட்டி வந்தது அதுதான். மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காத, அரிசி மூட்டையைத் தனியாக இறக்கி வைக்கிற ஒரு பெண், கல்யாண ஆல்பத்தில் தன் கையின் சதையைப் பார்த்ததும் சோர்ந்துபோவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. பாத்திரத்துக்குள் விழுவது நிஜமான வலுவோ தெம்போ இல்லை, அவற்றைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணிப்புதான். பாலே ஆடுபவர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளும் உடல் திறமையின் உச்சியில் இருப்பவர்கள். சாப்பாட்டை வெறுத்து உடம்பை வதைக்கும் உணவுக் கோளாறுகள் அவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகின்றன.

சரி, புளியை யார் கரைத்து ஊற்றுவது? கூட்டுக் குடும்பத்து அடுப்பில் மாமியார் ஒரு தடவை உப்பு போடுவார், நாத்தனார் போகிறபோக்கில் ஒரு தடவை, மருமகள் சந்தேகத்துக்கு ஒரு தடவை. அதே கதைதான். ‘என்னடி இப்படி ஊதிட்டே?’ என்பார் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி. ‘வெயிலில் அலையாதே, கறுத்துடுவே’ என்பார் பாட்டி. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆளுக்கு ஒரு கரண்டிதான் ஊற்றினார்கள். விளம்பரக்காரர்கள் மட்டும் குடம் குடமாக ஊற்றினார்கள். 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீம் தன் பெயரிலிருந்து வெளுப்பை எடுக்க 2020 ஆனது. அதற்கு முன்பே, 2009-ல், சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. சிவப்பழகு கிரீம் விளம்பரங்களில் கறுத்தவர்களைத் துயரப்படுபவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது 2014-ல்.

அடுத்தது நாக்கு. ருசி பார்க்கும் நாக்கு அதற்கு முன் எதைத் தின்றதோ அதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். வெல்லம் போட்ட ஹோட்டல் சாம்பார் பழகியவருக்கு வீட்டுச் சாம்பார் புளிக்கும். வீட்டில் ஒன்றும் மாறியிருக்காது. மனிதர்கள் தங்களை அளக்கப் பக்கத்து ஆளைப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். ஃபிஜித் தீவில் அது கண்முன் நடந்தது. நாட்ரோகா பகுதியில் வாட்டசாட்டமான உடம்புதான் மதிப்பு. யாராவது இளைத்தால் ஊரே கவலைப்படும். 1995-ல் அங்கே தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த ஆண்டு 63 பள்ளி மாணவிகளிடம் பேசினார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் வேறு 65 மாணவிகளிடம் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 11.3 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஒரே பெண்களைத் தொடர்ந்து பார்த்ததும் இல்லை. ஆனாலும் மூன்றே ஆண்டில் நாக்கு இவ்வளவு மாறும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

ஃபிஜிக்கு வந்தது அயல்நாட்டு நடிகையின் உடம்பு. இன்று கைப்பேசியில் வருவது அடுத்த தெருத் தோழியின் முகம், ஃபில்டர் போட்டு. பக்கத்து ஆள் என்பதால் இன்னும் ஆழமாக இறங்குகிறது. உடம்பைப் பற்றி மனம் நொந்திருக்கும்போது இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்கியதாக 32 சதவீதப் பதின்வயதுப் பெண்கள் சொன்ன உள் அறிக்கை அந்த நிறுவனத்திடமே இருந்தது; 2021-ல் வெளியே கசிந்தது.

புளி தூக்கிவிட்டால் என்ன செய்வது? அவசரக்காரர்கள் ஒரு துண்டு வெல்லம் போடுவார்கள். ‘நீ அழகுதான், கவலைப்படாதே’ என்பது அந்த வெல்லம். வாய்க்கு இதம், ஆனால் புளி அப்படியே கிடக்கிறது. போதாததற்குப் பேச்சு மறுபடியும் தோற்றத்தைச் சுற்றியே போகிறது. அனுபவப்பட்டவர்கள் வெந்த பருப்பை மசித்துக் கரைத்து விடுவார்கள். நடை, நீச்சல், சிலம்பம், எடை தூக்குவது எல்லாம் பருப்பு வகையறா. உடற்பயிற்சி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: எடையோ இடுப்பளவோ பெரிதாக மாறாதபோதும் உடம்பைப் பற்றிய நினைப்பு தேறுகிறது. ‘போன மாதம் முடியாதது இப்போது முடிகிறது’ என்ற கணிப்பு உள்ளே இறங்கிவிட்டது, அதனால். வகுப்பில் வேகமாக ஓடுகிறவனை மட்டும் கொண்டாடும் பி.டி. வாத்தியார் மற்ற முப்பது பேரின் பருப்பைக் கீழே கொட்டுகிறார் என்பேன்.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் இன்னொரு வழி சொன்னார். சுயமதிப்பு ஒரு பின்னம். மேலே சாதித்தது, கீழே ஆசைப்பட்டது. கீழ் எண்ணைக் குறைத்தாலும் விடை கூடும். உளவியலில் யாராவது தன்னை மிஞ்சினால் வலிக்கும், கிரேக்க மொழி தெரியாததில் வெட்கமே இல்லை என்று தன்னையே உதாரணம் காட்டினார். கணக்கு சரி. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்கிற வீட்டில் ‘நிறம் எனக்கு முக்கியமில்லை’ என்று ஒரு பெண் மட்டும் முடிவெடுத்துக் கீழ் எண்ணை எவ்வளவு தூரம் குறைத்துவிட முடியும்?

எல்லாப் பாத்திரத்தையும் வீட்டுக் கைவைத்தியத்தால் சரிசெய்ய முடியாது. சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பது, வேளை வேளையாகப் பட்டினி கிடப்பது, மற்றவர் கண்ணுக்கே படாத ஒரு குறையைக் கண்ணாடி முன் மணிக்கணக்கில் தேடுவது என்றெல்லாம் போனால் பருப்பும் வெல்லமும் உதவாது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தயக்கமாக இருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற அரசு எண்ணில் முதலில் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.