பொதி ஏற்றும் தொழிலும் நிலையான வாடிக்கையும்

பொருளை ஆக்குவது ஒரு தொழில். ஆக்கிய பொருளை வேண்டியவர் கையிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு தொழில். முற்காலத்தில் மாட்டு வண்டிக்காரர் செய்துவந்த இப்பணியை, இன்று கொழும்பு மாநகரிலே சிறு லொறியும் வானும் முச்சக்கரவண்டியும் செய்துவருகின்றன. கூரியர் நிறுவனங்களுக்குச் சொந்தமான வண்டிகள் ஒருபுறமிருக்க, தனியொருவர் தமது சொந்த வண்டியை ஓட்டிப் பிழைப்பதும் உண்டு. அங்கே சாரதியே உரிமையாளர், கணக்கரும் அவரே, வேலை தேடி அலைபவரும் அவரே. வண்டியைத் தவணைக் கடனில் வாங்கியிருப்பாராயின், வேலை கிடைத்த மாதத்திலும் கிடையாத மாதத்திலும் கட்டவேண்டிய பணம் ஒன்றேயாம். ஆதலால், தவறாது வேலை தரும் வாடிக்கையாளரைத் தேடிக்கொள்வதிலேயே அவர் குடும்பத்தின் நல்வாழ்வு தங்கியுள்ளது.

தற்செயலாக வரும் ஓட்டங்களை மட்டும் நம்பியிருப்பதில் உள்ள இடர் யாது? புறக்கோட்டையிலிருந்து 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு கடைக்குப் பொதி ஏற்றிச் சென்ற வண்டி வெறுமையாகத் திரும்புகிறது எனக் கொள்வோம். ஓடியது 40 கிலோமீற்றர். பாரம் இருந்தது 20 கிலோமீற்றருக்கு மட்டுமே. திரும்பும் வழிக்கும் பாரம் தேடுதல், ஒரே வழியிலுள்ள மூன்று நான்கு கடைகளின் பொதிகளை ஓர் ஓட்டத்திற் சேர்த்தல் ஆகிய இரண்டுமே இந்நட்டத்தைக் குறைக்கும் வழிகள். இன்ன நாளில் இன்னாருக்கு வேலை உண்டு என்று முன்கூட்டியே அறிந்தவரால்தான் இவ்வாறு திட்டமிட முடியும். அகல உழுவதிலும் ஆழ உழுவது நன்று என்பர் உழவர். நகரெங்கும் ஓடித் திரிவதிலும், இரண்டொரு வழிகளைத் தெரிந்து அவ்வழிகளில் வாடிக்கையைப் பெருக்குவதே சாரதிக்கும் நன்று.

இனி, யாரை நாடுவது என்பதைப் பார்ப்போம். அடிக்கடி பொருள் அனுப்புவோர், சிறு அளவில் அனுப்புவோர், தாமதித்தால் இழப்புக்குள்ளாவோர் ஆகியோரே தக்கவர். பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் வணிகர் அத்தகையவர். வாகனம் திருத்துமிடத்தில் ஒரு வண்டி கழற்றிய நிலையில் நிற்கிறது. வேண்டிய பாகம் வந்து சேரும்வரை அங்கே வேலை நடவாது. செயற்கைப் பல் செய்யும் கூடங்களும் அவ்வாறே. நோயாளி மருத்துவரிடம் வரவேண்டிய நாள் குறிக்கப்பட்டிருக்கும். மருந்தகங்கள், அச்சகங்கள், வெதுப்பகங்கள் முதலியவற்றுக்கும் நேரமே உயிர். கெய்சர் வீதித் துணிக்கடைகளில் வாங்கிய சரக்கை ஊர்க்கடைகளுக்கு அனுப்புவோரையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். வீடு மாறுவோர் நல்ல கூலி தருவர். ஆனால் அவர்கள் மீண்டும் அழைப்பதற்கு ஆண்டுகள் பல ஆகலாம்.

இவர்களை அணுகுவதற்கும் முறையுண்டு. காலையில் வியாபாரம் மும்முரமாக நடக்கும் வேளையிற் சென்று வேலை கேட்பவருக்கு நல்ல மறுமொழி கிடைப்பது அரிது. கூட்டம் குறைந்த பிற்பகலிற் சென்று, “எந்த நாளில், எந்த ஊருக்கு அனுப்புவது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது?” என்று கேட்கவேண்டும். முதலாளி விலை பேசுவார். ஆனால் எந்த வண்டியை அழைப்பது என்பதை அனேகமாகப் பண்டகசாலைப் பொறுப்பாளரே முடிவு செய்வார். ஆகவே தொலைபேசி இலக்கம் பொறித்த அட்டை அவர் மேசையில் இருத்தல் வேண்டும். முதல் ஓட்டத்தைக் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே முடித்துக் காட்டுவதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

கூலியை நிருணயிப்பதிலே பலர் தவறிவிடுகின்றனர். எரிபொருளை மட்டும் கணக்கிட்டு, மற்றவரிலும் குறைவாகக் கேட்டு வேலையைப் பெறுகின்றனர். ஆண்டு முடிவில் ரயர் மாற்றவும் கையிற் பணம் இருப்பதில்லை. தேய்மானம், காப்புறுதி, பழுது, கடன் தவணை ஆகிய யாவும் கூலியில் அடங்கவேண்டும். முதுமைக்கான சேமிப்பும் அதனுள் அடங்க வேண்டியதே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சம்பளம் பெறும் ஊழியரின் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு அந்த 12 வீதத்தைச் செலுத்துவார் எவருமிலர்.

எரிபொருள் விலை பற்றியும் முன்னெச்சரிக்கை வேண்டும். 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. பழைய கூலிக்கே ஓடுவதாக வாக்களித்திருந்தவர் ஒவ்வோர் ஓட்டத்திலும் கைப்பணத்தை இழந்திருப்பார். ஆகையால், எரிபொருள் விலை இவ்வளவு ஏறினால் கூலி இவ்வளவு ஏறும், இறங்கினால் இறங்கும் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுதல் இரு திறத்தாருக்கும் நியாயமானது.

கிடைத்த வாடிக்கையைக் காப்பது அடுத்த கடமை. வழியில் தாமதம் நேர்ந்தால், வாடிக்கையாளர் தேடி அழைக்குமுன் சாரதியே அழைத்துச் சொல்லவேண்டும். பொருளை ஒப்படைத்ததும் பற்றுச்சீட்டில் நேரமும் கையொப்பமும் பெறவேண்டும். பொருள் வரவில்லை என்ற வழக்கெழுந்தால் அத்தாளே சாட்சி. நோயுற்ற நாளில் தமக்குப் பதிலாக ஓடுவதற்கு நம்பத்தக்க மற்றொரு சாரதியுடன் உடன்பாடு செய்துகொள்ளலாம். தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதியுடன் கூலிக்கு ஓடுவது பேராபத்து. விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும். ஏற்றிச் செல்லும் பொருளுக்கும் தனிக் காப்புறுதி வேண்டும்.

நிலையான வாடிக்கையிலும் இரு பொறிகள் உள. ஒன்று கடன். எரிபொருளுக்கு அன்றாடம் காசு கொடுக்கவேண்டும்; வாடிக்கையாளரோ மாத முடிவிற் காசோலை தருவார். புதியவரிடம் வாரந்தோறும் கணக்குத் தீர்த்துக்கொண்டு, நம்பிக்கை வளர்ந்தபின் தவணையை நீட்டுவதே விவேகம். மற்றொன்று, ஒருவரையே முற்றும் நம்பியிருத்தல். வருமானத்திற் பாதிக்குமேல் ஒரே நிறுவனத்திலிருந்து வருமாயின், அந்நிறுவனம் கூலியைக் குறைக்கும் நாளில் மறுக்கும் வலிமை சாரதிக்கு இராது. நாலைந்து வாடிக்கையாளர் உள்ளவர், ஒருவர் விலகினாலும் மற்றவரைக் கொண்டு அம்மாதத் தவணையைக் கட்டிவிடுவார். ஆகவே, வண்டி நிறைய வேலை இருக்கும் காலத்திலும், வாரத்தில் ஒரு பிற்பகலைப் புதிய கடை வாசல்களுக்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும்.