பூனைக்கு வலித்தால் எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டுப் பூனைக்கு உடம்பில் எங்கோ வலிக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும்? கத்தும் என்று நினைப்போம். பெரும்பாலும் கத்தாது. வலியை மறைத்துக்கொள்வது பூனையின் இயல்பு.

ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்! கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூனையின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணிக்க ஓர் அளவுகோலை உருவாக்கி, 2019-இல் வெளியிட்டார்கள். பூனை விழித்திருக்கும்போது கவனியுங்கள். வலி இருந்தால், வழக்கமாக நிமிர்ந்து நிற்கும் காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். கண்கள் இடுங்கியிருக்கும். தளர்ந்து வளைந்திருக்கும் மீசை விறைத்து நேராகிவிடும். தலையும் தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும்.

தினமும் மதில்மேல் தாவிய பூனை, இப்போது கீழேயே நின்று அண்ணாந்து பார்க்கிறதா? வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், பாவம். மூட்டுவலியாக இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிதான் என்று அவர் சொன்னால், வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, உங்கள் கையில் சூடு பார்த்துவிட்டு, இதமாக ஒத்தடம் கொடுக்கலாம். விலகிப் போனால் வற்புறுத்த வேண்டாம். படுக்க மெத்தென்று ஒரு பழைய போர்வை, ஏறி இறங்க ஒரு முக்காலி போட்டுவைத்தால் அதற்குப் பெரிய ஆறுதல்.

தைலம் மட்டும் தடவாதீர்கள், பூனை நக்கிவிடும். நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தைச் சரிவர முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. உயிருக்கே ஆபத்து.