சண்டை தொடரட்டும் என்று வாக்களித்த ரசிகர்கள்

ஜப்பானின் ‘காமென் ரைடர் ரியூகி’ தொலைக்காட்சித் தொடரில் 13 முகமூடி வீரர்கள் தமக்குள் மோதிச் சாகவேண்டும். எஞ்சும் ஒருவரின் ஆசை நிறைவேறும். நாயகன் ஷிஞ்சியோ சண்டையை நிறுத்தவே அலைகிறான்.

தொடர் முடிய நான்கு மாதங்கள் இருக்கையில், 2002 செப்டெம்பரில், ஒரு சிறப்புப் பகுதியின் முடிவை ரசிகர்களிடமே விட்டார்கள்: சண்டை தொடர்வதா, நிற்பதா? வாக்கெடுப்பில் ‘தொடரட்டும்’ வென்றது.

போருக்குள் வளர்ந்த எனக்கு இது கசக்கிறது. ஆனாலும் சண்டை நின்றால் கதையும் நின்றுவிடுமே! தொடர் ஞாயிறு காலைகளில் வந்தது. அவர்கள் கேட்டது இன்னுமொரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்று நினைக்கிறேன்.

2003 ஜனவரியில், இறுதிப் பகுதிக்கு முந்தைய 49ஆவது பகுதியிலேயே, ஒரு சிறுமியைக் காப்பாற்றப்போய் ஷிஞ்சி இறந்தான். கடைசிச் சண்டைக்குத் தோழன் ரென் தனியே போகவேண்டியிருந்தது.