தாய்ப்பலகையும் புதுச் செயலியும்

2025-ஆம் ஆண்டின் இறுதியில் எம் விடுதிப் படிப்பறையில் நிகழ்ந்த சிறியதொரு நிகழ்ச்சியே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. அவ்வறையில் மாணவர் பலர்க்கும் பொதுவாக மேசைக் கணிப்பொறி ஒன்று உளது. அது 2017-ஆம் ஆண்டில் வாங்கப்பெற்றது. அதனை இயக்கிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொதுவான ஆதரவு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலிலோ, எம் பொறியிலிருந்த முதல் தலைமுறை ரைசன் செயலிக்கு இடமில்லை. பொறி முழுவதையும் கழித்துவிட்டுப் புதியது வாங்கும் பொருள் எம்மிடம் இல்லை. ஆதலின் செயலியை மட்டும் மாற்றுவோம் எனத் துணிந்து, ஆளுக்குச் சிறு தொகையாகச் சேர்த்து, ரைசன் 5 5600 என்னும் செயலியை வாங்கி வந்தோம். ‘சாக்கெட்டு ஒன்றே, தடையின்றிப் பொருந்தும்’ என்றார் விற்றவர். அவர் உரைத்தது பொய்யன்று. செயலி செவ்வனே பொருந்தியது. ஆயினும், விசையை அழுத்தியபொழுது விசிறிகள் சுழன்றனவேயன்றித் திரை ஒளி பெறவில்லை.

எம்முள் சிலர் செயலி பழுதென்றனர். வேறு சிலர் தாய்ப்பலகை கெட்டதென்றனர். பலகையையும் மாற்றிவிடுவதே வழியென்று முடிவு கட்டும் தறுவாயில், மூத்த மாணவர் ஒருவர் வந்தார். அவர் பழைய செயலியை மீண்டும் இருத்தி, பலகையினுள் உறையும் சிறு நிரலைப் புதுப்பித்து, அதன் பின்னரே புதிய செயலியைப் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது. யாதொரு பொருளும் பழுதுபட்டிருக்கவில்லை. வந்திருப்பது இன்ன செயலி என்று அறியும் அறிவே பலகைக்கு இல்லாதிருந்தது. பொருந்துதல் வேறு, அறிதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் நல்ல பலகையொன்று குப்பையிற் சேர இருந்தது. பிறர்க்கும் இவ்விழப்பு நேராவண்ணம் இதனைச் சிறிது விரித்துரைத்தல் நலமென எண்ணுகின்றேன்.

மதர்போர்டு என வழங்கும் தாய்ப்பலகை, கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைப்பது. செயலி என்பது கணித்தற்றொழிலைச் செய்யும் தலைமையுறுப்பு. மின்னோட்டம் வந்த அக்கணத்தில், அச்செயலி விண்டோஸையும் அறியாது. வட்டு எங்குளது என்பதையும் அறியாது. ‘ராம்’ எனப்படும் நினைவகமோ மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறந்துவிடும் இயல்பினது. அங்ஙனமாயின், முதற் கட்டளை எங்கிருந்து பிறக்கின்றது? மின்சாரம் இல்லாத காலத்தும் எழுதியதை இழவாத ‘பிளாஷ்’ சில்லு ஒன்று பலகையிற் பதிக்கப்பெற்றுள்ளது. அதிலுறையும் நிரலே நிலைபொருள் என்பது. இக்காலத்து நிலைபொருளுக்கு யு.இ.எஃப்.ஐ. என்று பெயரிருப்பினும், பழைய வழக்கைப் பின்பற்றி மக்கள் ‘பயோஸ்’ என்றே கூறுவர். நினைவகத்தை அளந்தறிதலும், மின்னழுத்தத்தை வரையறுத்தலும், வட்டினைத் தேடி இயங்குதளத்தின்பால் பொறியை ஒப்படைத்தலும் அதன் கடமைகளாம்.

இனி, ஒவ்வொரு புதுச் செயலிக்கும் புது நிலைபொருள் வேண்டப்படுவது ஏன் எனின், கூறுவேன். ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ரைசன் செயலிகளுள் சிறியதொரு காவற்செயலி உள்ளுறுப்பாக அமைந்துள்ளது. மின்னோட்டம் வந்தவுடன் முதலில் விழித்தெழுவது அதுவே. அது பலகையிலுள்ள சில்லைத் திறந்து, தன் தலைமுறைக்கென எழுதப்பட்ட கட்டளைகளைத் தேடும். அவை கிடைப்பின் நினைவகத்தை ஆயத்தம் செய்து, பின்னரே பெருஞ்செயலியை எழுப்பும். கிடையாவிடின், பெருஞ்செயலி உறக்கம் நீங்காது. விசிறி சுழலவும் திரை இருண்டிருந்தமைக்குக் காரணம் இதுவே. ஏட்டைக் கையிற் பெற்றும் எழுத்தறியாதான் படிக்கமாட்டாதவாறு போல, செயலியைத் தன்பாற் பெற்றும் பலகை வாளாவிருந்தது.

இக்கட்டளைத் தொகுதியை ஏ.எம்.டி. நிறுவனத்தார் ‘அஜீசா’ என்னும் பெயரால் ஆக்கியளிக்கின்றனர். பலகை செய்வோர் அதனோடு தம் நிரல்களையும் சேர்த்து, தத்தம் பலகைக்கேற்ப வெளியிடுகின்றனர். எனவே, ஒரு பலகையின் ஆயுள் இருவர் கையில் உளது. இருவருள் ஒருவர் கைவிடினும், உடைமையாளனது உறுதியான பலகை பயனற்றதாகிவிடும்.

இதற்கு ஏ.எம். 4 என்னும் சாக்கெட்டின் வரலாறே தக்க சான்று. 1331 ஊசிகளை ஏற்கும் இச்சாக்கெட்டு 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2017 மார்ச்சில் முதல் ரைசன் செயலிகள் இதன்கண் அமர்ந்தன. அதன் பின்னர்த் தலைமுறைகள் பல தோன்றியும் சாக்கெட்டு மாறவில்லை. ஆயின், அக்காலத்துப் பலகைகள் பலவற்றில் நிலைபொருளுறையும் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட்டே. செயலிகள் பெருகப் பெருக, அவற்றின் கட்டளைகள் அனைத்தும் அச்சிறு சில்லுள் அடங்கவில்லை. 2019 ஜூலையில் ரைசன் 3000 வரிசை வந்தபொழுது, பலகை செய்வோருட் சிலர் அமைவுத் திரையின் அழகிய வண்ணப்படங்களைக் குறைத்தனர். பழைய செயலிகள் சிலவற்றின் ஆதரவையும் நீக்கினர். இல்லம் சிறிதாயின் புது விருந்தினர்க்கு இடங்கொடுக்கப் பழையோரை அகற்ற வேண்டிய நிலை அது.

2020 மே மாதத்தில் ஒரு பெரும் பூசல் எழுந்தது. அடுத்துவரும் செயலிகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்கா என்று ஏ.எம்.டி. அறிவித்தது, சில்லின் சிறுமையே அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. நெடுங்காலம் உழைக்கும் என நம்பி அப்பலகைகளை வாங்கியோர் வெகுண்டனர். இரு கிழமைகளுள் அந்நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆயினும், புதிய நிலைபொருள் பழைய செயலிகள் பலவற்றின் ஆதரவை நீக்கும் என்றும், அது திரும்பி வர இயலாத ஒருவழிப்பாதை என்றும் எச்சரித்தது. 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசை வெளிவந்தது. எம் விடுதிப் பொறியிலுள்ள 300 வரிசைப் பலகைகளுக்கோ, 2022-ஆம் ஆண்டிலேதான் அச்செயலிகளை ஏற்கும் முறையான இசைவு கிட்டியது. ஆக, 2017-இல் வாங்கிய பலகையின் உலோகத்திலும் கம்பியிலும் யாதொரு மாற்றமும் நிகழாமலே, மனிதர் எடுத்த முடிவொன்றால் அதன் ஆயுள் நீண்டது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2017-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் தம் எட்டாம் தலைமுறை மேசைச் செயலிகளை வெளியிட்டனர். அவற்றின் சாக்கெட்டு முன்னையதைப் போன்றே 1151 தொடுமுனைகள் உடையது. இருப்பினும் முன்னைய 100, 200 வரிசைப் பலகைகளில் அவற்றிற்கு முறையான ஆதரவு அளிக்கப்படவில்லை. புதிய 300 வரிசைப் பலகைகளே வேண்டப்பட்டன. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவன பயனில் ஒன்றாதல் இல்லை என்பதை இது தெளிவுறுத்தும்.

நிற்க. புதுச் செயலியை அறிந்துகொள்வதோடு நிலைபொருளின் தொழில் முடிந்ததா? இல்லை. பொறி நாடோறும் தளர்வின்றி இயங்குவதும் அதனையே சார்ந்துள்ளது. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 500 வரிசைப் பலகைகள் சிலவற்றில் யு.எஸ்.பி. வழி இணைத்த கருவிகள் இடையிடையே துண்டிக்கப்படுவதை ஏ.எம்.டி. ஒப்புக்கொண்டு, நிலைபொருள் வாயிலாகவே அதனைத் திருத்தியது. 2022-ஆம் ஆண்டில் சில பொறிகள் நொடிப்பொழுது தடைப்பட்டுத் தடைப்பட்டு இயங்கின. செயலியில் அமைந்த பாதுகாப்புப் பகுதி, பலகையின் பிளாஷ் சில்லோடு நெடுநேரம் தொடர்பாடியதே காரணம் என அறியப்பட்டு, அதுவும் அவ்வாறே தீர்க்கப்பட்டது.

இவற்றினும் கொடியது 2024-ஆம் ஆண்டில் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகளுட் சிலவற்றிற்கு நேர்ந்தது. வேண்டிய அளவினும் மிக்க மின்னழுத்தம் பாய்ந்து, அவை நாளடைவில் உறுதி குன்றின. அதனைத் தடுக்கும் மைக்ரோகோட் திருத்தம், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் பலகை செய்வோரின் நிலைபொருள் வழியே வழங்கப்பட்டது. ஆயின் அத்திருத்தம் வருங்கேட்டைக் காக்குமேயன்றி, முன்னரே கெட்ட செயலியை மீட்கமாட்டாது. எனவே இன்டெல் அச்செயலிகளுக்கு உறுதிக்காலத்தை இரண்டாண்டு நீட்டித்தது. காலத்தே புதுப்பியாதார்க்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அங்ஙனமாயின், செயலி மாற்ற விழைவோர் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, பணம் கொடுப்பதற்கு முன்னரே, பலகை செய்தோரின் இணையதளத்தில் அப்பலகைக்குரிய செயலிப் பட்டியலை நோக்குக. பலகையின் பெயரோடு பதிப்பெண்ணையும் ஒப்பிடல் வேண்டும். செயலியின் பெயருக்கு எதிரே, இன்ன நிலைபொருட் பதிப்பு முதல் ஏற்கும் எனக் குறிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாததை, சாக்கெட்டு ஒன்றே என்னும் சொல்லை நம்பி வாங்கற்க.

இரண்டாவது, பழைய செயலி பொறியில் இருக்கும்பொழுதே நிலைபொருளைப் புதுப்பிக்க. சில பலகைகளில் இடைப்பதிப்பொன்றை முதலில் ஏற்றிய பின்னரே இறுதிப் பதிப்பை ஏற்றல் வேண்டும். சோதனைப் பதிப்பும் முடிந்த பதிப்பும் இருப்பின், முடிந்ததையே தேர்க. செயலியே இல்லாமல் யு.எஸ்.பி. வழியாகப் புதுப்பிக்கும் வசதி சில பலகைகளில் உண்டு. அஃதுடையார் அச்சமின்றி இருக்கலாம்.

மூன்றாவது, எழுதும் வேளையில் மின்சாரம் அறுமாயின், பாதி எழுதிய நிரலோடு பலகை ஊமையாகிவிடக்கூடும். ஆதலின் யு.பி.எஸ். துணையோடு செய்க, முடியுமளவும் பொறியைத் தொடாதிருக்க.

நான்காவது, வட்டு பிட்லாக்கர் முறையாற் பூட்டப்பட்டிருப்பின், அதன் மீட்புத் திறவெண்ணை முன்னரே எழுதி வைத்துக்கொள்க. செயலி மாறும்பொழுது பாதுகாப்புப் பகுதியிலுள்ள மறைகள் அழியக்கூடும். திறவெண் இல்லாதார் தம் எழுத்துக்களையெல்லாம் இழப்பர்.

ஐந்தாவது, பலகையின் மின்வழங்கற் பகுதி தாங்குமளவு அறிந்து செயலியைத் தேர்க. ரைசன் 5 5600 செயலிக்குக் குறித்த அளவு 65 வாட். ரைசன் 9 5950 எக்ஸ் செயலிக்கோ 105 வாட். சிறிய பலகையில் பெரிய செயலியை இருத்தின், அது ஏற்கப்பட்டாலும் வெப்பத்தாற் சோர்ந்து தன் முழுவேகத்தைக் காட்டாது போகலாம்.

ஆறாவது, ஏ.எம். 4 பலகையினின்று குளிர்விப்பானைக் கழற்றும்பொழுது நேரே மேல்நோக்கி இழுக்கற்க. பசை இறுகியிருப்பின் செயலியும் உடன்வந்து ஊசிகள் வளையும். பொறியைச் சிறிதுநேரம் இயக்கி வெதுப்பி, அணைத்து, மின்னிணைப்பை நீக்கிய பின், மெல்லத் திருகி எடுத்தலே முறை.

இவையனைத்தும் முடிந்த பின்னர், அமைவுகளை இயல்பு நிலையில் வைத்துச் சில நாள் இயக்கிப் பார்த்தல் வேண்டும். நினைவகத்தின் வேகத்தை உயர்த்தும் ஆசையை அதுவரை அடக்குக. முதலிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடின், பொறி தடுமாறும்பொழுது குற்றம் எதன்பாலது என்று அறிதல் அரிதாம்.

எம் படிப்பறைப் பொறி இப்பொழுது விண்டோஸ் 11-ஐ ஏற்று நன்கு இயங்குகின்றது. இக்கட்டுரையும் அதன்கண் தட்டெழுதப்பட்டதே. யாம் எறிந்துவிட இருந்த பலகையின் விலை எமக்கு மிஞ்சிற்று. நஞ்சுடைய உலோகக் குப்பையிலும் ஒரு பலகை குறைந்தது. செயலியின் வேகத்தை விலைத்தாளிற் படித்து வியப்போர் பலர். அதனை எழுப்பிவிடும் சிறு நிரலை நினைப்போர் சிலரே. இனிக் கணிப்பொறி வாங்குவோர், வேகத்தையும் விலையையும் வினவுவதோடு அமையாது, இப்பலகைக்கு இதுகாறும் எத்தனை ஆண்டு நிலைபொருள் அளித்துவந்தனர் என்பதனையும் நோக்குவாராக. பலகையைச் செய்தோர் அதனைத் தொடர்ந்து பேணுகின்றனரா என்பதே, அது நெடுநாள் உழைக்குமா என்பதற்கு உரைகல்லாம்.