ஆறு வாழ்ந்தால் கரியால் வாழும்

பொய்யாக அழுபவரைப் பார்த்து ‘முதலைக் கண்ணீர்’ என்று நாம் நகைக்கிறோம். பிடித்த பிடியை விடாதவருக்கும் முதலையையே உவமை சொல்கிறோம். ஆனால் அந்த முதலைக் குலத்திலேயே சாதுவான ஒன்று உண்டு. மீனையே நம்பி வாழும் அது, மனிதரை இரையாகக் கொள்வதில்லை. இன்று அதற்காக நாம் மெய்யாகவே கண்ணீர் விட வேண்டிய நிலை வந்துள்ளது. அதன் பெயர் கரியால்.

கரியால் என்பது எது?

நம் நாட்டில் மூவகை முதலைகள் உள்ளன. அமராவதி அணையிலும் சாத்தனூரிலும் நாம் காண்பது சதுப்பு நில முதலை. கழிமுகங்களில் வாழ்வது உவர்நீர் முதலை. மூன்றாவதான கரியாலின் தாயகம் வட இந்தியாவின் பேராறுகள். மற்ற முதலைகளுக்கு வாய் அகன்றிருக்கும். கரியாலுக்கோ அது நீண்டு, ஒடுங்கி, கூரிய பற்கள் நூறு நிறைந்து, இடுக்கியைப் போல இருக்கும். ஓடும் நீரில் வழுக்கிச் செல்லும் மீனைப் பற்ற ஏற்ற கருவி அது!

வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் குடம் போன்ற ஒரு புடைப்பு இருக்கும். மண்குடத்தைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்தே கரியால் என்னும் பெயர் பிறந்தது. தமிழில் இதைச் சொம்புமூக்கு முதலை என்பாரும் உளர். ஆண் விடும் மூச்சு இக்குடத்தில் அதிர்ந்து பேரொலியாகக் கேட்கும்.

நீரில் அம்புபோல் பாயும் கரியாலுக்கு நிலத்தில் நடை வராது. வளர்ந்தபின் வயிற்றால் உந்தி உந்தியே கரையேறும். ஆகவே வெயில் காயவும் முட்டையிடவும் நீரை ஒட்டிய மணல்மேடு அதற்கு இன்றியமையாதது. இதனை நினைவிற் கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

அழிவின் விளிம்பில்

ஒரு காலத்தில் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, ஐராவதி ஆகிய ஆறுகளிலெல்லாம் கரியால் வாழ்ந்தது. 1940களில் 5,000 முதல் 10,000 வரை இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. தோலுக்காக வேட்டையாடினர், முட்டைகளை எடுத்தனர், அணைகளைக் கட்டினர். மீன்வலையில் சிக்கியவை மூச்சுவிட மேலே வர முடியாமல் மாண்டன. 1970களின் நடுவில் வளர்ந்த கரியால்கள் 200கூட எஞ்சவில்லை.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையோடு இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஒடிசாவின் திக்கர்பாடாவிலும் லக்னோவை அடுத்த குக்ரயிலிலும் வளர்ப்பு நிலையங்கள் எழுந்தன. 1978 முதல் சம்பல் ஆறு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் இதில் கைகோத்தன.

செவிலித்தாய் வளர்ப்பு

தாய்க் கரியால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மணலைத் தோண்டி 30 முதல் 50 முட்டைகள் வரை இடும். மழைக்காலத்துக்கு முன் குஞ்சுகள் வெளிவரும். நரி, உடும்பு, நாய் முதலியன முட்டைகளைத் தின்னும். தப்பிப் பிறந்த குஞ்சுகளில் பலவற்றை முதல் வெள்ளமே அடித்துச் செல்லும். நூறு பிறந்தால் பெரிதாவது மிகச் சிலவே.

இந்த ஆபத்தான பருவத்தைக் கடத்திவிடுவதே திட்டத்தின் நோக்கம். ஆற்றங்கரையிலிருந்து முட்டைகளைக் கவனமாக எடுத்து, அளவான சூட்டில் வைத்துப் பொரிக்கச் செய்வார்கள். பிறப்பது ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்தச் சூடே தீர்மானிக்கிறது என்பது வியப்பல்லவா? குஞ்சுகளை மீன் கொடுத்து வளர்த்து, மூன்று ஆண்டுகளில் ஒன்றேகால் மீட்டர் நீளம் வந்ததும் ஆற்றில் விடுவார்கள். 1980இல் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் உலகிலேயே முதன்முறையாக வளர்ப்பிடத்தில் கரியால் இனப்பெருக்கம் செய்தது. இவ்வாறு ஆண்டுதோறும் விட்டு வந்ததில் சில பத்தாண்டுகளில் 5,000க்கும் மேற்பட்ட கரியால்கள் ஆறுகளுக்குத் திரும்பின.

கணக்கில் ஒரு பாடம்

ஐயாயிரம் விட்டோமே, ஐயாயிரமாவது இருக்க வேண்டாமா? 1997இல் வளர்ந்த கரியால்கள் 436 என மதிப்பிடப்பட்டன. 2006இல் அவை 182ஆகக் குறைந்தன! 2007இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக அருகிவரும் இனங்களின் பட்டியலில் கரியாலைச் சேர்த்தது. அந்த ஆண்டு முடிவில் இன்னொரு பேரிடி விழுந்தது. யமுனையுடன் சம்பல் கலக்கும் பகுதியை ஒட்டி, சில மாதங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கரியால்கள் இறந்து மிதந்தன. சிறுநீரகம் கெட்டிருந்ததைக் கண்ட மருத்துவர்கள், யமுனையின் மாசு மீன்கள் வழியே உடலில் ஏறியிருக்கலாம் என ஐயுற்றனர்.

காரணம் என்ன? பிள்ளையை வளர்த்து ஆளாக்கி அனுப்பினோம். அது போய்ச் சேர வேண்டிய வீட்டைக் காக்கவில்லை. முட்டையிட வேண்டிய மணலை லாரிகள் அள்ளிச் சென்றன. கரையில் பயிர் செய்தனர். நீரை மேலே தேக்கி, இடையில் இறைத்து, ஆற்றை மெலிய வைத்தனர். வலைகளும் ஒழியவில்லை.

இந்தப் படிப்பினையில் நம் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1976இல் தொடங்கப்பட்டு, மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணையின் ஆய்வாளர்கள், 2008 முதல் சம்பலில் கரியால்களை ஆராய்ந்து வருகின்றனர். வாலில் வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, சில கரியால்கள் பருவத்துக்கேற்ப நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்வது தெரிந்தது. பல தாய்களின் குஞ்சுகள் ஒரே கூட்டமாகச் சேர, பெரிய ஆண் ஒன்று அவற்றுக்குக் காவல் நிற்பதையும் கண்டனர். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் தந்தையின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கும் காட்சியை என்னென்பது! ஆகவே ஆற்றில் ஒரு துண்டைக் காத்தால் போதாது. ஆறு முழுவதும் வேண்டும்.

நம்பிக்கை

நம்பிக்கை அற்றுப் போகவில்லை. மகாநதியின் சாத்கோசியாவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாதிருந்த கரியால் குஞ்சுகள் 2021இல் இயற்கையாகப் பொரித்தன, எண்ணிக்கை 28. சம்பலிலும் தொகை மெல்ல ஏறி வருகிறது. ஆயினும் உலகிலுள்ள கரியால்களில் பெரும்பகுதி அந்த ஓர் ஆற்றிலேயே இருப்பதால், அங்கு ஒரு தீங்கு நேர்ந்தால் இனமே ஆடிப்போகும்.

அன்புத் தோழியரே! அடுத்த முறை வடநெம்மேலிக்குச் சென்றால், தொட்டியில் கிடக்கும் அந்த நீள்மூக்கு உயிரைச் சற்று நின்று பாருங்கள். உணவும் காவலும் அதற்கு அங்கே உண்டு. ஓடும் ஆறுதான் இல்லை. முட்டையைப் பொரிக்க வைக்கும் வித்தையை மனிதன் கற்றுக்கொண்டான். ஆற்றை ஆறாக விட்டுவைக்கும் அடக்கத்தையும் கற்றுக்கொண்டால், கரியால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.